31 டிகிரியில் ஒரு வாளி பீர்: சிங்கப்பூரில் வீட்டில் காய்ச்சியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பொங்கோல்வாசி:

என் முதல் பீரைச் சென்ற சனிக்கிழமை கழிவறையில் கொட்டினேன். 23 லிட்டர். வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை, அதற்கு அடியில் அழுகத் தொடங்கிய வாழைப்பழம். அம்மா கதவருகில் வந்து நின்று, "சாராயம் காய்ச்சியது போதுமா?" என்று கேட்டார்கள். தமிழில் 'காய்ச்சுகிறேன்' என்று சொன்னாலே இதுதான் கதி.

ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாகு 1.7 கிலோ டப்பா ஒன்று, வெள்ளைச் சர்க்கரை ஒரு கிலோ, டப்பாவுடன் வந்த ஈஸ்ட் பொட்டலம். இவ்வளவுதான் பொருள்கள். இவற்றுக்கு முன்பே பளபளக்கும் 35 லிட்டர் எவர்சில்வர் பாத்திரத்துக்கு 180 வெள்ளி கொடுத்துவிட்டேன். அந்த வகைப் பாகைக் கொதிக்க வைக்கவே வேண்டாம், வெந்நீரில் கரைத்தால் போதும் என்று டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். வாளியைச் சமையலறை மூலையில் வைத்தேன். அங்கே பகலில் 31 டிகிரி.

இரண்டாவது முறை தொடங்குமுன் கேட்கிறேன். நீங்கள் எதில் காசைக் கோட்டை விட்டீர்கள், எதில் மிச்சம் பிடித்தீர்கள்?

தேக்கா அண்டா:

தம்பி, ஈஸ்ட்டின் மேல் தவறில்லை. ஏல் என்ற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை பிடிக்கும். நொதிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும், வாளிக்குள் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஆக, உங்கள் ஈஸ்ட் 34 டிகிரியில் வேலை பார்த்திருக்கிறது. இட்லி மாவு இங்கே நான்கு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் இரண்டு வாளி வீணான பிறகுதான் உறைத்தது.

பாத்திரத்துக்கு நான் அதிகம் செலவு செய்யவில்லை. தேக்காவில் ஒரு பாத்திரக் கடையில் 40 லிட்டர் அலுமினிய பிரியாணி அண்டா வாங்கினேன். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து உள்பக்கம் மங்கவிட்டேன், அவ்வளவுதான். அந்த மங்கலைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. என் மனைவி ஒருமுறை தேய்த்துவிட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டு அடுப்பில் 28 லிட்டர் கொதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பர்னர்களின் மேல் படும்படி அண்டாவை வையுங்கள்.

பாகு இல்லாமல் முழு மால்ட்டில் செய்ய ஆசைப்பட்டால் பை முறைதான் நம் கழக வீட்டுக்கு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு, ஒத்துவரும். நொறுக்கிய மால்ட் நாலரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டி, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். பைக்கு முதலில் பழைய வேட்டியை மடித்துத் தைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வேட்டி நெருக்கமான நெசவு. சாறு இறங்கவே இல்லை. சட்டையில்லாமல் பதினைந்து நிமிடம் தூக்கிப் பிடித்து நின்றேன். போதாக்குறைக்குத் துணி மென்மையாக்கியின் மல்லிகை மணம் சாற்றில் வேறு. இப்போது மெல்லிய திரைச்சீலைத் துணியில் பை. ஊறிய பை எட்டு ஒன்பது கிலோ கனக்கும். துணி காயப்போடும் மூங்கில் கழியை இரண்டு நாற்காலி முதுகுகளின் மேல் குறுக்கே போட்டு, அண்டாவுக்கு நேராகத் தொங்கவிடுகிறேன். எட்டு ஆண்டுகளாக அதே கழி.

நுரைத்தம்பி:

அண்ணா, உங்கள் மூங்கில் கழி பரவாயில்லை. என் வீட்டில் வெடித்தது.

கழக வீட்டில் குண்டுப் பாதுகாப்பு அறை இருக்கிறதல்லவா, எல்லாரும் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைக்கும் அந்த அறை. இருட்டாக இருக்கிறது, வெயில் படாது என்று 42 கண்ணாடிப் போத்தல்களை அங்கே அடுக்கினேன். ஒன்பதாம் நாள் நள்ளிரவு தாண்டி 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வெளியே விழும் குண்டுக்காகக் கட்டிய அறை, உள்ளேயிருந்து வெடித்தது. அந்தக் கனத்த இரும்புக் கதவைத் திறக்க அப்பா விடவில்லை, காலையில்தான் திறந்தோம். ஆறு போத்தல் போயிருந்தன. அரிசி மூட்டையில் கண்ணாடித் தூள். புதிதாகப் பிரித்த பத்துக் கிலோ பொன்னி அரிசி, அப்படியே குப்பைக்கு.

இரண்டு தவறுகள் செய்திருந்தேன். வாயு வெளியேற மூடியில் செருகும் ஏர்லாக்கில் குமிழி நின்றதும் நொதித்தல் முடிந்தது என்று நினைத்தேன். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியாகப் போய்விடும், குமிழி எதையும் சொல்லாது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் ஒரே அளவு வந்தால்தான் போத்தலில் அடைக்கலாம். அடுத்தது சர்க்கரை. வாயு சேர்ந்து நுரைக்க ஒவ்வொரு போத்தலிலும் ஒரு தேக்கரண்டி, குவித்து. 330 மில்லி போத்தலுக்குத் தேவை இரண்டு கிராம்; குவித்த கரண்டியில் ஆறு கிராமுக்கு மேல் போகும். இப்போது லிட்டருக்கு ஆறரைக் கிராம் என்று தராசில் நிறுத்து, மொத்தமாகக் காய்ச்சி வாளியில் கலந்துவிடுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல் மட்டும் பிளாஸ்டிக்கில் அடைப்பேன், சோடா போத்தல். அதை அழுத்திப் பார்த்தால் உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். கல்லாக இறுகியதும் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுவேன். நம் சூட்டில் பெரும்பாலும் ஒரு வாரம் போதும்.

செங்காங் அக்கா:

தம்பியின் ஹைட்ரோமீட்டர் யோசனையோடு ஒன்று சேர்க்கிறேன். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. நம் சமையலறையில் 30 டிகிரிச் சாற்றில் போட்டால் உண்மையைவிட 0.002, 0.003 குறைத்துக் காட்டும். கூட்டிக்கொள்ளுங்கள்.

என் பீரைக் கெடுத்தது தண்ணீர். நான் மீன் வளர்க்கிறவள். பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய் நீரில் குளோரமின் சேர்க்கிறது என்பது மீன் வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். குழாய் நீரை நேராகத் தொட்டியில் ஊற்றினால் மீன் மிதக்கும். அது தெரிந்தும், 'கொதிக்க வைக்கிறோமே, போய்விடும்' என்று பீருக்கு மட்டும் சலுகை கொடுத்தேன். குளோரின் அப்படிப் போகும், குளோரமின் லேசில் போகாது. அது மால்ட்டில் இருக்கும் பீனால்களோடு சேர்ந்தால் வருவது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடை. மிகச் சிறிய அளவே போதும். முதல் மடக்கில் மருத்துவமனை வராந்தா நினைவுக்கு வந்தது.

மருந்து மலிவு. கேம்ப்டன் மாத்திரை, அதாவது மெட்டாபைசல்பைட். ஒரு மாத்திரை 75 லிட்டர் தண்ணீருக்கு ஆகும். நான் அரை மாத்திரையைப் பொடித்து, மால்ட் போடுவதற்கு முன்பே தண்ணீரில் கலக்கிவிடுகிறேன். இதே காரணத்துக்காக வாளி கழுவக் குளோரின் பிளீச்சைத் தொடாதீர்கள். அழுக்கு நீங்க சோடியம் பெர்கார்பனேட், பிறகு கிருமி நீங்க ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி, லிட்டருக்கு ஒன்றரை மில்லி. சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். ஸ்டார் சான் நுரையைக் கழுவ வேண்டியதில்லை.

வாளியின் உள்ளே பச்சை நிற நார்ப்பஞ்சும் கூடாது. கீறலில் கிருமி குடியேறினால் வாளியைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

பொங்கோல்வாசி:

நன்றி அக்கா. நான் குழாய் நீர்தான், பிளீச்சும்தான். நார்ப்பஞ்சும். என் வாளியில் எல்லாக் குற்றமும் ஒன்றாக நடந்திருக்கிறது போலிருக்கிறது.

சூட்டுக்கு என்ன வழி? பழைய குளிர்பதனப் பெட்டி வாங்குவதா?

ஜூரோங் காற்று:

வாங்காதீர்கள். சூட்டோடு சண்டை போடாமல் சூடு பிடிக்கும் ஈஸ்ட்டை வாங்குங்கள். க்வைக் என்று நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் இருக்கிறது. அதில் வோஸ் என்ற வகை உலர்ந்த பொட்டலமாகவே கிடைக்கிறது. அதற்கு 35 முதல் 40 டிகிரி வரைதான் சுகம். பனி கொட்டும் ஊரிலிருந்து வந்த ஈஸ்ட்டுக்கு ஜூரோங் வெயில் பிடித்திருக்கிறது, கேட்டால் சிரிப்பு வரும். என் வாளி துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான்கைந்து நாளில் முடிந்துவிடும், ஆரஞ்சுத் தோல் மணம் வரும். ஈஸ்ட்டுக்கு ஊட்டச்சத்துத் தூள் மட்டும் கொஞ்சம் போடுங்கள், இந்த வகைக்கு அது கூடுதலாகத் தேவை.

தேக்கா அண்டா:

ஆரஞ்சு மணம் முதல் மூன்று தடவை நன்றாக இருக்கும். நான்காவது தடவை வேறு பீர் கேட்பீர்கள். நான் பழைய பெட்டியை 60 வெள்ளிக்கு வாங்கி, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மாட்டினேன். உணர்கம்பியை வாளியின் வெளிப்புறம் ஒட்டி, மேலே துணி சுற்றி, 19 டிகிரிக்கு வைத்துவிட்டால் மறந்துவிடலாம். பெட்டிக்கு இடமில்லாதவர்கள் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றலாம். முதல் மூன்று நாள் முக்கியம். ஈரத்துண்டைப் போர்த்தினால் குளிரும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இங்கே காற்றே ஈரம், துண்டு காயாது.

இன்னொன்று. கொதித்த சாற்றை ஆற்றச் செப்புச் சுருள் குழாய் வாங்கினேன். நம் குழாய் நீரே 28, 29 டிகிரி. அதை வைத்து 20க்கு எப்படி இறக்குவது? சுருள் இப்போது பரண்மேல். சூடான சாற்றையே தடித்த பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, மூடி, இரவு முழுக்க விட்டு மறுநாள் ஈஸ்ட் போடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பலர் செய்வது அதுதான்.

செங்காங் அக்கா:

பொருள்கள் பற்றியும் சுருக்கமாக. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் உலர் மால்ட் பொடி ஒரு கிலோ போடுங்கள் தம்பி, பீருக்கு உடம்பு கிடைக்கும், வாயில் தண்ணீராகத் தெரியாது. பொட்டலத்தைப் பிரித்தால் அன்றே தீர்த்துவிடுங்கள், நம் ஈரத்தில் மறுவாரம் செங்கல். ஹாப்ஸ் உறைபெட்டியில் இருக்கட்டும். அலமாரியில் வைத்தால் பழைய பாலாடைக்கட்டி வாடை வரும். திரவ ஈஸ்ட் வெயிலில் பயணித்து வந்து சேரும்போது பாதி செத்திருக்கும், உலர் ஈஸ்ட்டே உத்தமம். நொறுக்கிய மால்ட்டை அரிசி மாதிரிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், வண்டு வரும்.

கொத்தமல்லி விதை மட்டும் எங்கும் தேட வேண்டாம். பெல்ஜியத்தின் கோதுமை பீரில் அதுவும் ஆரஞ்சுத் தோலும்தான் மணம். 20 லிட்டருக்கு 15 கிராம், இடித்து, கொதி முடியும் கடைசி ஐந்து நிமிடத்தில். ரசத்துக்கு இடிக்கிற அதே உரலில் இடித்தேன், ஆனால் மிளகு வாடை போகக் கழுவிவிட்டு.

அளவைப் பற்றி: வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் சுங்கத்துறை அனுமதிக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், விற்கக் கூடாது, வடித்தெடுக்கவும் கூடாது. 23 லிட்டர் வாளி வாங்கினால் மாதம் ஒரு முறைதான் காய்ச்சலாம். 15 லிட்டர் என்றால் இரண்டு முறை. பழகும் காலத்தில் இதுதான் லாபம், கெட்டாலும் பாதிதான் கெடும். என் அலுவலகத் தோழி திருமணத்துக்கு இருபது போத்தல் விலைக்குக் கேட்டார். முடியாது என்றதில் இன்னும் கோபம்.

பொங்கோல்வாசி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். 15 லிட்டர், அரை மாத்திரை, வோஸ் ஈஸ்ட். ஹைட்ரோமீட்டரில் தொடக்கத்தில் 1.048, முடிவில் மூன்று நாளும் 1.012, அக்கா சொன்ன திருத்தத்தோடு. கணக்குப் போட்டால் 4.7 சதவீதம் ஆல்கஹால். பிளாஸ்டிக் போத்தல் எட்டாம் நாள் கல்லானது. அப்பா ஒரு குவளை குடித்துவிட்டு, "கசக்கிறது," என்றார். பிறகு இன்னொன்று கேட்டார்.

தேக்கா அண்டா அண்ணனுக்கு ஒரு கேள்வி. அந்த அலுமினிய அண்டா எந்தக் கடை? என் 180 வெள்ளிப் பாத்திரத்தை அம்மா கோவில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், கேசரி கிண்ட வசதியாக இருக்கிறதாம்.