அவுட்டுக்காய், கண்ணி, வேட்டை நாய்: மேய்ச்சலில் உங்களுக்கு நடந்தது என்ன?

செம்மறை, அந்தியூர்

போன ஐப்பசியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் பட்டி அடிவாரத்தில் இருக்கிறது. ரிசர்வ் காட்டு எல்லைக்கு வெளியே புறம்போக்கில்தான் மேய்ச்சல். பழத்திலோ மாவு உருண்டையிலோ வெடியைப் பொதிந்து காட்டுப்பன்றிக்கு எப்படி அவுட்டுக்காய் வைப்பார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய மாடெல்லாம் வந்துவிட்டது, ஒரு கிடாரி மட்டும் வரவில்லை. குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் அப்பா ஆசையாகப் பிடித்து வந்தது. தேடிப் போனால் ஓடையில் தண்ணீர் ஓரமாக நிற்கிறது. கத்தவே இல்லை. குனிந்து தண்ணீரில் வாய் வைக்கிறது, நிமிர்கிறது, உறிஞ்சியது அத்தனையும் கொட்டிவிடுகிறது. கீழ்த்தாடை தொங்குகிறது, நாக்கு பாதி இல்லை. திரும்பவும் குனிகிறது. தாகம் அப்படி.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, தாடையைக் கட்ட வழியில்லை, இனி இரை எடுக்காது என்றார். குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தோம், பிழைக்கவில்லை. வைத்தவன் வெளியூர்க்காரன் இல்லை. வழியில் பைக்கில் போகும்போது இன்னும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போகிறான்.

கீதாரி மகன், ராமநாதபுரம்

அண்ணே, எங்களுக்கு வெடி இல்லை, நாய். அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போவோம், வயலுக்கு உரமாக ராத்திரி ஆடுகளை அங்கேயே அடைத்து வைப்பது. வழியில் ஒரு கண்மாய்ப் புறம்போக்கில் தங்கியிருந்தோம். நடுச்சாமத்தில் முயல் அடிக்க ஒரு கூட்டம் வந்தது. நெற்றியில் லைட், கையில் நாய்கள். அதில் இரண்டு நாய்கள் முயலை விட்டுவிட்டுக் கிடைக்குள் பாய்ந்தன. ஆடுகள் வலையைக் கிழித்துக்கொண்டு நாலா பக்கமும் சிதறிவிட்டன. அந்த வெளிச்சத்தில் உடம்பு எதுவும் தெரியவில்லை. கரை முழுக்கப் பச்சைப் பச்சையாகக் கண்கள் மட்டும் ஓடின.

குட்டிகள் கூட்டுக்குள் இருந்ததால் தப்பித்தன. சினை ஆடுகள்தான் அடுத்தடுத்துக் குட்டி வீசின. "பொது இடத்தில் உங்களை யார் கிடை போடச் சொன்னது?" என்று அவர்கள் எங்களைக் கேட்டார்கள். பொது இடம் என்றால் முயல் அடிக்க மட்டும்தானா? அதுவும் முயலை அடிப்பதே சட்டப்படி குற்றம். ஆனால் அந்த ஊர்க்காரர் வயலில் கிடை போட்டுத்தான் எங்களுக்கு நெல்லும் காசும். எப்படிச் சண்டை போடுவது? அப்பா ஒன்றும் பேசாமல் வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

மக்காச்சோளம், தாளவாடி

கிடாரிக்கு நடந்தது கொடுமைங்க, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் வெடி வைக்கிற எல்லாரையும் வேட்டைக்காரன் என்று சொல்லிவிட முடியாது. கதிர் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் வெள்ளாமை போய்விடும். 2025 ஜனவரியில் அரசு என்ன சொன்னது? காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம், 3-க்கு மேல் போனால்தான் வனத்துறையினர் சுடலாம். எங்கள் நிலமெல்லாம் அந்த மூன்றுக்குள்தான் கிடக்கிறது. கறிக்காக வைக்கிறவன் வேறு, வயிறு எரிந்து வைக்கிறவன் வேறு. இரண்டும் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். என் வெள்ளாடே பைக் கிளட்ச் கம்பியில் கட்டிய கண்ணியில் மாட்டிச் செத்தது.

சரி, நடந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம். முதலில், மாட்டைச் சத்தமில்லாமல் புதைத்துவிடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு இருந்தால் காதுத் தோட்டை, அதாவது காதில் மாட்டிய எண் வில்லையை, பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் பணம் வாங்குவது பெரும்பாடு. காவல் நிலையத்தில் "மாடு செத்தது" என்று எழுதாதீர்கள், "வெடி வைத்திருக்கிறார்கள்" என்று எழுதுங்கள். அப்போதுதான் 1908-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வரும். வனத்துறைக்குத் தனியாக ஒரு மனு, அவர்கள் கையில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழமோ மாவு உருண்டையோ சம்பந்தமில்லாத இடத்தில் கிடந்தால் கையில் எடுக்காதீர்கள், குச்சியால் தட்டிக்கூடப் பார்க்காதீர்கள். மாட்டைத் திருப்பிவிட்டுப் போன் போடுங்கள்.

செம்மறை, அந்தியூர்

தம்பி, இதெல்லாம் தெரியாமல் இல்லை. புகார் எழுதிக்கொண்டுதான் போனேன். முதல் கேள்வியே "மாடு அங்கே ஏன் போச்சு?" என்பதுதான். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்கே தடை போட்டது. அதே மாதம் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று திருத்தியது. திருத்தியது யாருக்கும் ஞாபகம் இல்லை, தடை மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2024-இல் பர்கூர், அந்தியூர்க் காடுகளைத் தந்தை பெரியார் சரணாலயமாக அறிவித்த பிறகு மலைமேல் பட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் பயம். 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை எழுதியே இருக்கிறது. இருந்தும் மேய்க்கிறவன் தன் மேல் கேஸ் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறான். வெடி வைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

2020 மே மாதம் கேரளத்து மன்னார்க்காட்டில் கர்ப்பிணி யானை வெடியைக் கடித்து வாய் வெந்து ஆற்றில் நின்றே செத்தபோது நாடே பேசியது. மாட்டுக்கு யார் பேசுகிறார்கள்?

வெள்ளாட்டுக்காரி, காரமடை

கீதாரி மகன் சொன்னதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் பள்ளத்தில் போன வாரம் அம்மாதான் கண்ணியைப் பார்த்தது. ஆடு காலை இழுக்க இழுக்கக் கம்பி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அம்மா அதன் மேல் படுத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் குறடு எடுத்து வரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்ததாம். ஆடு பிழைத்துவிட்டது, நொண்டுகிறது. கம்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம். மக்காச்சோளம் அண்ணா, மனுவை ரேஞ்சர் ஆபீஸில் கொடுத்தால் ரசீது தருவார்களா? திங்கட்கிழமை போகிறோம்.