மறுமொழி: சாஃப்ட் கன்வர்ஷன், ஹார்ட் கன்வர்ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'மென்மாற்றம்', 'வன்மாற்றம்' என்று வைத்துக்கொள்ளலாமே. மென்பொருளும் வன்பொருளும் நிலைத்துவிட்டனவே.

ஐயா, வணக்கம்.

நிலைத்ததென்னவோ உண்மை. ஆனால் மெட்ரிக் அளவுக்கு மாறியதில் எது மென்மை, எது வன்மை என்று கேட்டால் எனக்கே சட்டென்று சொல்ல வராது.

அண்மையில் வீட்டில் தரை வேலை நடந்தது. டைல்ஸ் கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்றார்கள். அறை சரியாகப் பத்தடி. வரிசைக்கு ஐந்து என்று கணக்குப் போட்டு வாங்கிவந்தேன். கொத்தனார் ஒட்டிக்கொண்டே போனார்; சுவரோரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வெறுந்தரை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 600 × 600 மி.மீ. இரண்டடி என்றால் 609.6 இருக்க வேண்டும். அலமாரிக்கு வாங்கிய 'எட்டுக்கு நாலு' பிளைவுட்டிலோ 2440 × 1220 என்று அச்சிட்டிருந்தது. அது நிஜமாகவே எட்டடிக்கு நாலடி, ஒன்றிரண்டு மி.மீ. கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டையும் வாய் அடிக்கணக்கில்தான் சொல்கிறது. பிளைவுட்டில் பலகை அப்படியே இருக்க எண்ணும் அலகும் மாறின; இதுதான் சாஃப்ட் கன்வர்ஷன். டைல்ஸில் அச்சே மாறிவிட்டது; இது ஹார்ட் கன்வர்ஷன். இந்த வேறுபாடு தெரியாமல்தான் நான் இன்னொரு பெட்டி வாங்கினேன். சொல்லிலேயே அது தெரிய வேண்டாமா?

முதலாவதான சாஃப்ட் கன்வர்ஷனுக்கு 'அலகுபெயர்ப்பு' என்பேன். மொழிபெயர்ப்பில் சொல்லவந்தது மாறாததுபோல இங்கே பொருள் மாறுவதில்லை. இரண்டாவதற்கு 'அளவுத்திருத்தம்' என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கருவிகளைச் சரிபார்ப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே 'அளவுவார்ப்பு', பொருளையே புதிய அளவில் வார்ப்பது. அரை லிட்டர் பால் பாக்கெட் போல வார்த்துச் செய்யாத பொருளுக்கும் வார்ப்பு என்பது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடுகிறேன்.

சொற்களை உரசிப் பார்ப்போம். பட்டாவில் 0.40.5 என்று ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும் நிலம் அதே பழைய ஒரு ஏக்கர்தான், வரப்பு நகரவில்லை. இது அலகுபெயர்ப்பு. இங்கிலாந்துச் சவரன் 7.98 கிராம் சொச்சம், நம் நகைக்கடைப் பவுன் 8 கிராம். பெயர் பழையது, எடை புதியது, இது அளவுவார்ப்பு. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய், ரூபாய்க்கு நூறு என்று 1957 ஏப்ரல் 1-இல் வந்த நயா பைசாதான் படுத்துகிறது. நாலணா 25 ஆகச் சரியாக விழுந்தது, பெயர்ப்பு. ஓரணா 6.25 வர வேண்டியது, கையில் கிடைத்தது 6, வார்ப்பு. ஒரே நாளில், ஒரே சட்டைப்பையில் இரண்டும்!

அப்புறம், 'அலகுப்பெயர்ப்பு' என்று ஒற்று மிகுமா என்று யாராவது கேட்பீர்கள். 'மொழிபெயர்ப்பு' போல இதுவும் இரண்டாம் வேற்றுமைத் தொகைதான், அலகைப் பெயர்ப்பது. மிகாது என்றே நினைக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் திருத்துங்கள்.