ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோவுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: அரைவெளிச்சம்

ஒரு ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோவில் (பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து ஓட்டுகிற அனிமேஷன்) அனிமேட்டர்கள் வேலை செய்வதை 10 நிமிட ஆவணப்படமாக எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் பொம்மையின் முழங்கையைத் தொடுகிறார், மானிட்டரைப் பார்க்கிறார், மறுபடி தொடுகிறார், ஒரு பட்டனை அழுத்துகிறார். சாப்பாட்டு நேரம் வரை இதேதான். பார்க்கிறவர்கள் தூங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. டைம் லாப்ஸ் போட்டு, அதாவது பல மணி நேர வேலையைச் சில நொடிகளாக வேகப்படுத்தி, ஓட்டிவிடலாம் என்று திட்டம். கையில் ஒரு கேமரா, ஜிம்பல் (நடந்துகொண்டே எடுத்தாலும் கேமரா ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி), சின்ன எல்இடி லைட் இருக்கிறது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: சுருள்படம்

டைம் லாப்ஸ்தான் சரி. பின்னணியில் நல்ல இசை போட்டால் போதும். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

பதில்: களிமண்விரல்

எல்லோரும் அப்படி எடுப்பதுதான் சிக்கலே. நான் பொம்மை நகர்த்திப் பிழைக்கிறவன். எங்கள் செட்டுக்குள் கேமராவோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எல்இடி லைட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் தம்பி. எங்கள் கேமரா ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது தனித்தனிப் படமாக எடுக்கிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம்கூட ஆகலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. அதில் ஒன்றில் மட்டும் உங்கள் வெளிச்சம் விழுந்தாலும் ஓட்டும்போது அந்த இடம் பளிச்சென்று துடிக்கும். இதற்குப் பயந்துதான் நாங்கள் கறுப்புச் சட்டையோடு திரிகிறோம். வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே பொம்மையின் கன்னத்தில் தெரிந்துவிடும். லென்ஸில்கூட இந்தத் தொல்லை உண்டு. தானாகத் திறந்து மூடும் அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை, ஒவ்வொரு தடவையும் துல்லியமாக அதே அளவுக்கு வருவதில்லை. அதனால் வளையத்தைக் கையால் திருப்பி வைக்கிற பழைய லென்ஸ்களைத் தேடிப் போடுவோம். உங்கள் கேமராவில் ஃபோகஸுக்காக எரியும் குட்டி விளக்கு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஜிம்பலும் வேண்டாம். கறுப்புத் திரைகளுக்கு நடுவே ஆள் திரும்பவே இடம் இருக்காது. மேஜைக்கால், கேமரா ஸ்டாண்ட் எல்லாம் தரையோடு ஒட்டியோ முடுக்கியோ இருக்கும். அதில் உங்கள் தோள் இடித்தால் காலையிலிருந்து எடுத்த ஷாட் போச்சு. பழைய ஃபிரேமை மானிட்டரில் மங்கலாக மேலே போட்டு, பொம்மையைப் பழைய இடத்தில் நிறுத்தப் பார்ப்போம். பல சமயம் அது கைகூடாது, முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

சரி, டைம் லாப்ஸ். அதில் பொம்மை உயிரோடு நடக்கும், அனிமேட்டர் ஈ மாதிரி பறந்துகொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் 'அடேயப்பா, என்ன பொறுமை!' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்காது. அவர் அங்கே பொறுத்துக்கொண்டு நிற்கவில்லை, நடித்துக்கொண்டிருக்கிறார். நடிப்பு ரொம்ப மெதுவாக வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

சாதாரண நடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு அரை நொடி என்றால் 12 ஃபிரேம். ஒரு நிலைக்கு இரண்டு ஃபிரேம் எடுத்தால் 6 நிலைகள். அந்த ஆறையும் சம இடைவெளியில் வைத்தால் பொம்மை வழுக்கிக்கொண்டு போகும். கால் ஊன்றியதும் உடம்பு இறங்க வேண்டும், மற்றக் கால் கடக்கும்போது எழ வேண்டும். கைவீச்சு முடிகிற இடத்தில் நகர்வு கண்ணுக்கே தெரியாத அளவு குறைய வேண்டும். வரைந்து செய்கிற அனிமேஷனில் முக்கியமான நிலைகளை முதலில் போட்டுவிட்டு நடுவில் இருப்பதை அப்புறம் நிரப்பலாம். இங்கே முதல் ஃபிரேமில் கிளம்பினால் கடைசி வரை ஒரே போக்குதான். மூன்றாவது நிலையில் இடுப்பு கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டால் நாலாவதிலிருந்து அதையும் நடிப்பில் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். மானிட்டரை அவர் அடிக்கடி பார்ப்பது இதற்காகத்தான்.

அதனால் கையை நெருக்கமாகக் காட்டுங்கள். தள்ளி நின்று எடுக்க நீளமான லென்ஸ் போதும். பொம்மையின் பாதத்தை மேஜைக்கு அடியிலிருந்து திருகாணி போட்டுப் பிடித்திருப்பார்கள். ஒரு கை குனியாமலே மேஜைக்கு அடியில் போய் அதைத் தளர்த்தும், கண் மட்டும் பொம்மையின் தலையை விட்டு நகராது. அந்த இரண்டையும் ஒரே ஷாட்டில் பிடியுங்கள். முழங்கையை வேண்டிய இடத்தையும் தாண்டி ஒரு துளி அழுத்துவார், ஏனென்றால் சிலிக்கோன் தோல் கொஞ்சம் பின்னால் இழுக்கும். விரலை எடுத்த பிறகு அது நிற்கிறதா என்று ஒரு நொடி பார்ப்பார். கருவிழியை ஊசிமுனையால் திருப்புவார். நடுநடுவே எழுந்து நின்று அதே கையசைவைத் தானே செய்து பார்ப்பார். வெட்கப்படுவார், ஆனாலும் கேட்டால் மறுபடி செய்து காட்டுவார்.

பொம்மை பழுதுபார்க்கிற மேஜையையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே கம்பி வைத்த விரல்கள்தான் முதலில் ஒடியும்.

அரைவெளிச்சம்

ரொம்ப நன்றி அண்ணா. லைட், ஜிம்பல் இரண்டும் பட்டியலிலிருந்து போய்விட்டன. இன்னும் ஒன்று கேட்கிறேன். வேலை நடக்கும்போதே பேட்டி எடுக்கலாமா? ஒலி கெட்டுப்போகுமா?

களிமண்விரல்

செட்டில் ஒலியே பதிவதில்லை தம்பி. வசனத்தை முன்னாடியே பதிந்து, எந்த ஃபிரேமில் எந்த எழுத்தின் ஒலி வருகிறது என்று பிரித்து எக்ஸ்போஷர் ஷீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வாயசைவு அதைப் பார்த்துத்தான். அதனால் பேச்சுச் சத்தத்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவருக்குக் கணக்கு தவறிவிடும். லைட்டிங் சரிசெய்யும் நேரத்தில் பேசச் சொல்லுங்கள், அப்போது நாங்கள் சும்மாதான் நிற்போம்.

பதில்: பச்சைத்திரை

நான் இந்த வேலையில் கணினிப் பக்கம் இருப்பவன். ஒரு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குதிக்கிற பொம்மையை ஓர் இரும்புக் கை தாங்கிக்கொண்டிருக்கும். பொம்மை இல்லாத வெற்று செட்டைத் தனியாக ஒரு ஃபிரேம் எடுத்து வைத்திருப்பார்கள், அதை வைத்துத்தான் நாங்கள் அந்த இரும்பை அழிக்கிறோம். அழிப்பதற்கு முந்தைய ஷாட்டைக் கேளுங்கள். ஃபிரேம்களை எடுத்துச் சேமிக்கிற டிராகன்ஃபிரேம் மாதிரி மென்பொருளில் அது அப்படியே இருக்கும், வீடியோவாக எடுத்துத் தருவது சில நிமிட வேலை. ஆனால் படம் வெளியாகும் முன் அதைக் காட்டலாமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

களிமண்விரல்

இவர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஷாட் நடுவில் இடம் மாற வேண்டுமென்றால் பட்டனை அழுத்திய சத்தம் கேட்ட பிறகு 'நகரலாமா' என்று கேளுங்கள். பதில் வரும்வரை அசையாதீர்கள்.