டி-72பி3, டி-80பிவிஎம், டி-90எம்: வார் தண்டர் சிமுலேட்டர் மோடுக்கு எது சரி? சுட்ட பிறகு பின்வாங்க முடியவில்லை, உதவி தேவை

பனைமரம்07:

வணக்கம். வார் தண்டர் ஆன்லைன் போர் விளையாட்டில் ரஷ்ய டேங்க் வரிசையின் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டேன். கையில் இருப்பது டி-72பி3. டி-80பிவிஎம் திறந்திருக்கிறது, இன்னும் வாங்கவில்லை. டி-90எம்முக்குப் புள்ளி சேர்க்க வேண்டும். நான் ஆடுவது உண்மைக்கு நெருக்கமான சிமுலேட்டர் மோடு மட்டும்தான், அதனால் அதை வைத்தே பதில் சொல்லுங்கள்.

பிரச்சினை இதுதான். நகர வரைபடங்களில் கட்டட மூலையிலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்துச் சுடுகிறேன். முதல் குண்டு பெரும்பாலும் சரியாகவே போகிறது. அப்புறம் ரிவர்ஸ் அழுத்தினால் டேங்க் நகர்வதே தெரியவில்லை. எதிரியின் கூட்டாளி வந்து அடித்துவிடுகிறார். சில நேரம் ஒரே அடியில் கோபுரமே (கன் உள்ள மேல்பகுதி) பறந்துவிடுகிறது.

மூன்றின் விவரப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் 125 மி.மீ. கன், மூன்றிலும் கவசத்தைத் துளைக்கும் அதே 3பிஎம்60 குண்டு, அதே கன் வழியாகப் போகும் ஏவுகணை. கவசத்தில் மட்டும்தான் பெரிய வித்தியாசம் தெரிகிறது. அப்படியானால் கவசம் அதிகம் உள்ள டி-90எம்முக்கு நேராகப் போய்விடலாமா? இல்லை, என் செட்டிங்கில் ஏதாவது கோளாறா?

சைலன்ட்_கன்னர்:

முதலில் கோளாறா என்று பார்த்துவிடலாம் ப்ரோ. சமதரையில் நின்று ரிவர்ஸை அழுத்திப் பிடியுங்கள். வேகம் எவ்வளவு காட்டுகிறது? க்ரூஸ் கன்ட்ரோல் ஆனில் இருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். கியரை மேனுவலில் வைத்திருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

பனைமரம்07:

க்ரூஸ் இல்லை, கியரும் ஆட்டோதான். பின்னோக்கி மணிக்கு 4 கி.மீ. காட்டுகிறது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

கியர்சத்தம்:

அப்படியானால் உங்கள் செட்டிங்கில் எந்தக் கோளாறும் இல்லை தம்பி. அந்த டேங்க் உண்மையிலும் அப்படித்தான். டி-72 வகையில் இருபுறமும் ஒவ்வொரு கியர்பாக்ஸ் இருக்கும். முன்னோக்கிப் போக 7 கியர், பின்னோக்கி ஒன்றே ஒன்று. அந்த ஒரு கியரும் மிகத் தாழ்ந்த கியர், மணிக்கு 4 கி.மீ. சொச்சம்தான் தரும். 1970களில் முன்னேறித் தாக்கும் படைக்காகச் செய்த வண்டி இது. பின்னால் புதிய எஞ்சின், வெப்பத்தை வைத்து இலக்கைக் காட்டும் புதிய தெர்மல் எல்லாம் வைத்தார்கள், கியர்பாக்ஸின் அடிப்படை அப்படியே தொடர்ந்தது. நம் ஆவடியில் தயாராகும் பீஷ்மா, அதாவது டி-90எஸ், அதுவும் இதே குடும்பம்தான்.

இந்த மூன்றையும் ஒப்பிடும் பலர் கவசத்தின் மில்லிமீட்டரில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். சிமுலேட்டரில் நான் பார்ப்பது வேறு: சுட்ட நொடியிலிருந்து அடுத்த குண்டு தயாராகும் வரை இந்த டேங்க் என்ன செய்ய முடியும்?

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 4 கி.மீ. என்றால் வினாடிக்கு 1.1 மீட்டர். டேங்கின் உடல் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். முழு உடலையும் மூலைக்குப் பின்னால் இழுக்க 6 வினாடிக்கு மேல் ஆகும். டி-72பி3யின் ரீலோடு 7.1 வினாடி. அதாவது நீங்கள் மறைந்து முடிக்கும்போது அடுத்த குண்டே கிட்டத்தட்ட ஏறிவிடும். ரீலோடு நேரம் முழுவதும் வெளியே நின்றிருக்கிறீர்கள்.

டி-80பிவிஎம்மின் கியர்பாக்ஸ் வேறு. முன்னே 4, பின்னே 1. ஆனால் அந்த ஒன்று மணிக்கு 11 கி.மீ. தருகிறது, வினாடிக்கு 3 மீட்டர். அதே 7 மீட்டரை இரண்டரை வினாடிக்குள் முடித்துவிடலாம். ரீலோடு 6.5 வினாடி. மீதி 4 வினாடி சுவருக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறீர்கள். எதிரே இருக்கும் ஜெர்மன் டேங்க் லெபர்டு 2 மணிக்கு 31 கி.மீ. வேகத்தில் பின்வாங்கும், அந்த அளவுக்கு இது வராது. ஆனாலும் ஆட்டமே மாறிவிடும்.

இதோடு எடைக்கு எஞ்சின் சக்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி-80பிவிஎம்மில் 1250 குதிரைத்திறன் கேஸ் டர்பைன், எடை 46 டன், டன்னுக்கு 27 வருகிறது. டி-90எம்மில் 1130 குதிரைத்திறன் டீசல், எடை 48 டன், டன்னுக்கு 23 சொச்சம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டி-72பி3யையே ஓட்டுவதென்றால் ரிவர்ஸை நம்பாதீர்கள். மூலையில் நேராக மூக்கை நீட்டாமல், சுட்ட பிறகு முன்னோக்கி ஓடி அடுத்த மறைவுக்குள் புகுந்துவிடும்படி முன்கூட்டியே உடலைத் திருப்பி வையுங்கள். முன்னோக்கி வேகம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம்: இது இரண்டு ட்ராக்கையும் எதிரெதிராகச் சுற்றி நின்ற இடத்தில் திரும்பாது. ஒரு ட்ராக்கை நிறுத்தித்தான் திரும்பும், அதற்கு இடம் விட்டு நில்லுங்கள்.

கவசமலை:

கியர்சத்தம் அண்ணா சொல்லும் கணக்கு சரி, ஆனால் டி-90எம்மை அவ்வளவு சுலபமாக ஒதுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

டி-72பி3யின் முன்பக்கத்தில் இருப்பது 1980களில் வந்த கான்டாக்ட்-5 வெடிகவசம் (அடி பட்டதும் வெடித்துக் குண்டைத் தடுப்பது). டி-90எம்மில் உடலிலும் கோபுரத்திலும் ரெலிக்ட் என்ற வெடிகவசம். பாய்ந்து வரும் கம்பிக் குண்டைத் தடுப்பதில் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம். டி-80பிவிஎம்மிலும் ரெலிக்ட் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சிமுலேட்டர் மோடில் கவசத்தைவிட எனக்கு முக்கியம் கமாண்டரின் கண். எதிரியின் தலைக்கு மேல் பெயர் மிதக்காத மோடு இது. முதலில் பார்த்தவர்தான் முதலில் சுடுகிறார்.

டி-72பி3யிலும் டி-80பிவிஎம்மிலும் கன்னருக்கு நல்ல தெர்மல் இருக்கிறது, கமாண்டருக்கு இல்லை. தெர்மலில் தேட வேண்டுமென்றால் கோபுரத்தையே சுற்ற வேண்டும். கோபுரம் அசைந்தால் தூரத்தில் இருப்பவருக்கு அதுவே போதும். டி-90எம்மில் கமாண்டருக்குத் தனியாகச் சுழலும் காட்சிக்கருவி, அதிலேயே தெர்மல். கன் ஒரு தெருவைப் பார்த்தபடி இருக்க, கமாண்டர் மூன்று தெருவைத் தேடலாம். இரவு ஆட்டத்திலும் மூடுபனியிலும் இது எவ்வளவு பெரிய உதவி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

கியர்சத்தம்:

கமாண்டர் தெர்மல் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மரங்கள் உள்ள பெரிய வரைபடத்தில் ஒரே இடத்தில் காத்திருந்து ஆடுபவருக்கு டி-90எம்தான். ஆனால் தம்பியின் பிரச்சினை நகரத்தில் மூலை, பின்வாங்க முடியாமை. டி-90எம்மின் ரிவர்ஸ் ஏறக்குறைய டி-72பி3 மாதிரியேதான். புள்ளி சேர்த்து, வெள்ளிக்காசு கொட்டி வாங்கிய பிறகும் அதே மூலையில் அதே மாதிரி மாட்டிக்கொள்வார்.

ரெலிக்ட் இருந்தாலும் மூன்றுக்கும் பொதுவான ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன: உடலின் கீழ் முன்தகடு, ஓட்டுநரின் பார்வைக் கண்ணாடியைச் சுற்றிய பகுதி, கன் கோபுரத்துக்குள் நுழையும் இடம். 200 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு இவற்றைக் குறிபார்ப்பது கஷ்டமே இல்லை. ஹேங்கரில் ப்ரொடெக்‌ஷன் அனாலிசிஸ் (எந்தக் குண்டு எங்கே துளைக்கும் என்று காட்டும் பகுதி) திறந்து, லெபர்டு குண்டைத் தேர்ந்தெடுத்து, 200 மீட்டரில் வைத்து மூன்று டேங்கையும் சுட்டுப் பாருங்கள் தம்பி. விவரப் பக்கத்தைவிட அது நிறையச் சொல்லும்.

பனைமரம்07:

ரொம்ப நன்றி அண்ணா, கவசமலை ப்ரோவுக்கும். இந்தக் கோபுரம் பறப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். பல நேரம் பக்கவாட்டில் ஒரே அடி, உடனே வெடிப்பு. குண்டு தீர்ந்துவிடுமோ என்று நான் எப்போதும் முழுதாக நிரப்பிக்கொண்டுதான் போகிறேன்.

சைலன்ட்_கன்னர்:

அதை முதலில் நிறுத்துங்கள் ப்ரோ. டி-72பி3யில் மொத்தம் 45 குண்டு பிடிக்கும். அதில் குண்டைத் தானே ஏற்றும் ஆட்டோலோடரின் சுழல்தட்டில் இருப்பது 22தான். மீதி எல்லாம் உடலுக்குள்ளும் கோபுரத்துக்குள்ளும் சந்துபொந்துகளில் அடைத்திருக்கும். எங்கே துளைத்தாலும் ஏதாவது ஒரு குண்டிலோ அதை உந்தும் வெடிமருந்திலோ படும். டேங்கின் உட்பகுதியைக் காட்டும் எக்ஸ்ரே பார்வையில் 45 வைத்து ஒரு முறை, 22 வைத்து ஒரு முறை பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சுழல்தட்டு தரைமட்டத்தில் தட்டையாகக் கிடக்கிறது. அதை மட்டும் வைத்திருந்தால், கோபுரத்தில் அடி வாங்கினாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. டி-80 குடும்பத்தின் ஆட்டோலோடர் வேறு மாதிரி. 28 குண்டு எடுக்கும், ஆனால் மருந்துக் குழல்கள் வட்டமாகச் செங்குத்தாக நிற்கும். உயரம் அதிகம் என்பதால் பக்கவாட்டு அடியில் டி-72ஐவிட அதிகம் மாட்டும். டி-80பிவிஎம் வாங்கினால் பக்கத்தைக் காட்டவே காட்டாதீர்கள்.

டி-90எம்மில் கூடுதல் குண்டுகளில் ஒரு பகுதியைக் கோபுரத்துக்குப் பின்னால் தனிப் பெட்டியில், வெளியே வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சுழல்தட்டு உள்ளேயேதான் இருக்கிறது.

பனைமரம்07:

22 குண்டோடு ஆடிப் பார்த்தேன், ஒரே அடியில் வெடிப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. டி-80பிவிஎம்மை டெஸ்ட் டிரைவில் எடுத்து மூலையில் முன்பின் நகர்த்திப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் நின்று ரீலோடு முடிவதைக் காத்திருக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். அதையே வாங்கப் போகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. மலை, மேடு உள்ள வரைபடங்களில் கன் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. இது டி-80லும் இப்படித்தானா?

கியர்சத்தம்:

அங்கேயும் அப்படித்தான், சொல்லப்போனால் ஒரு பிடி குறைவு. டி-72 குடும்பத்தின் கன் சுமார் 6 டிகிரி கீழே இறங்கும், டி-80 சுமார் 5. லெபர்டு 2க்கு 9, அமெரிக்க ஏப்ரம்ஸுக்கு 10. கோபுரத்தைத் தாழ்வாகவும் சிறியதாகவும் செய்ததால் கன்னின் பின்பகுதி மேலே எழ உள்ளே இடமில்லை.

எனவே மேட்டின் பின்சரிவில் கோபுரத்தை மட்டும் நீட்டிச் சுடும் வேலையை லெபர்டுகாரர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் ஏறினால் கன் இலக்கைத் தொடுவதற்குள் கீழ்த்தகடு வரை முழு உடலும் தெரிந்துவிடும். மேட்டின் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். அல்லது சிறு பள்ளம், சாலையோரத் திட்டு எதிலாவது பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழும்படி நிறுத்துங்கள், இரண்டு மூன்று டிகிரி இலவசமாகக் கிடைக்கும். தூரம் அதிகம் என்றால் ஏவுகணையும் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேரும் வரை நீங்கள் வெளியே நின்று குறியைப் பிடித்திருக்க வேண்டும். நகரும் இலக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கவசமலை:

டி-80பிவிஎம் வாங்கினால் ஆராய்ச்சி வரிசையையும் சொல்லிவிடுகிறேன். 3பிஎம்60 வாங்கியவுடன் வராது, திறக்க வேண்டும். முதலில் பழுதுபார்ப்புக் கருவியும் தீயணைப்பானும், அடுத்து நேராக அந்தக் குண்டு. அது வரும் வரை லெபர்டின் கோபுர முகத்தில் சுடாதீர்கள். பக்கவாட்டையோ கன் பின்பகுதியையோ தேடுங்கள்.

டேங்க் குழுவின் திறனை உயர்த்தும் புள்ளிகளில் லோடருக்கு (குண்டு ஏற்றுபவர்) எதுவும் போட வேண்டாம், ஆட்டோலோடரின் 6.5 வினாடி அதனால் குறையாது. உள்ளே இருப்பது மூன்று பேர். அதில் இருவர் விழுந்தால் டேங்க் போய்விடும், கமாண்டரும் கன்னரும் கன்னின் இருபக்கம் நெருங்கியே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் முதலில் மூவரின் உடல்தாங்கு திறன், அப்புறம் கன்னரின் குறி, அப்புறம் ஓட்டுநர்.