என்.எப்.எஸ் பகிர்வு: அடைவு திறக்கிறது, எழுத முடியவில்லை

சுவடித்தேடல்:
வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வாசிகசாலையில் அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) நினைவு மலர்களையும் கும்பாபிஷேக மலர்களையும் ஸ்கான் செய்து சேர்த்து வருகிறோம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு ஒரேயொரு பிரதியாக மிஞ்சியவை இவற்றில் பல. வம்சாவளி அச்சான மலரை எந்த வீட்டிலும் எளிதில் கையை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். தந்தாலும் இரண்டு நாள் தவணைதான்.

டெபியன் லினக்ஸ் போட்ட வழங்கி (சர்வர்) ஒன்று, அதில் இரண்டு வலையட்டைகள். ஒன்றில் உபுண்டு போட்ட ஸ்கான் கணினிகள் இரண்டு (வலையமைப்பு எண் 192.168.1.0). மற்றதில் மாணவர் வாசிப்பறையின் வைபை (192.168.2.0). ‘மலர்கள்’ என்ற அடைவை என்.எப்.எஸ் (வலையமைப்பு வழியே அடைவைப் பகிரும் முறை) மூலம் பகிர்ந்திருக்கிறேன். ஸ்கான் கணினிகளில் அது திறக்கிறது, பழைய படங்கள் தெரிகின்றன. சேமிக்கப் போனால் ‘ரீட் ஒன்லி பைல் சிஸ்டம்’ என்று மறுக்கிறது. யாருக்கு எந்த உரிமை என்று குறிக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பை எழுதும் உரிமை கொடுத்துத்தான் எழுதினேன். 12 நாட்களாகப் படங்களைப் பென் டிரைவில் வழங்கிக்குச் சுமக்கிறோம். தயவுசெய்து உதவுங்கள்.

கடலோரம்:
அடைவுக்கு 777 உரிமை (யாரும் வாசிக்கலாம், எழுதலாம்) கொடுத்து, வழங்கியை மறுபடி இயக்கிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரிவந்தது.

பனங்கூடல்:
தம்பி, 777 வேண்டாம். கோப்பு உரிமையில் பிழை இருந்தால் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுப்பு) என்று வந்திருக்கும். ‘ரீட் ஒன்லி’ என்றால் அந்தப் பகிர்வே வாசிக்க மட்டும் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கதவுகள். எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே போடுங்கள். வழங்கியில் ‘எக்ஸ்போர்ட்எப்எஸ் -வி’ கொடுத்தால் என்ன வருகிறது என்பதும் வேண்டும். கோப்பில் எழுதியிருப்பது நம் எண்ணம். வழங்கி அதை எப்படி விளங்கிக்கொண்டது என்பதை அந்தக் கட்டளைதான் சொல்லும்.

சுவடித்தேடல்:
வரி இதுதான்:

/மலர்கள் 192.168.1.0/24 (ஆர்டபிள்யூ,ஏசிங்க்)

கட்டளை இரண்டு பதிவுகளைக் காட்டுகிறது. முதலாவதில் 192.168.1.0/24, அதனோடு ‘ஆர்ஓ’ (வாசிக்க மட்டும்). இரண்டாவதில் ‘வேர்ல்ட்’ (எல்லாரும்), அதனோடு ‘ஆர்டபிள்யூ’ (வாசிக்கவும் எழுதவும்). இரண்டாவதை நான் எழுதவே இல்லை, ஐயா. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நேற்று ஒரு மாணவரின் லினக்ஸ் மடிகணினியை வாசிப்பறையிலிருந்து இணைத்துப் பார்த்தேன். அதிலிருந்து தடையில்லாமல் எழுத முடிந்தது!

பனங்கூடல்:
அகப்பட்டுவிட்டது. 24க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். என்.எப்.எஸ் கணக்கில் இடைவெளி வந்தால் அடுத்த ஆள் தொடங்குகிறார் என்று பொருள். ஆகவே உங்கள் ஸ்கான் வலையமைப்புக்கு எந்த உரிமையும் குறிக்கப்படவில்லை. இயல்பான ‘வாசிக்க மட்டும்’ அதற்குப் போயிற்று. தனித்து நின்ற அடைப்புக்குறி உலகத்துக்கே எழுதும் உரிமையைக் கொடுத்துவிட்டது. ஒரு கணினி இரண்டு பதிவுகளுக்கும் பொருந்தினால், வலையமைப்பு எண்ணுள்ள பதிவுதான் வெல்லும். அதனால்தான் உங்கள் கணினிகளுக்குத் தடை, வாசிப்பறைக்குத் திறப்பு.

இடைவெளியை எடுத்துவிட்டு, வழங்கி கோப்பை மறுபடி வாசிக்க ‘எக்ஸ்போர்ட்எப்எஸ் -ஆர்ஏ’ கொடுங்கள். பிறகு மறுபடியும் ‘-வி’ போட்டு, உலகப் பதிவு போய்விட்டதா என்று பாருங்கள். இன்றிரவே செய்யுங்கள், தம்பி. ஒரேயொரு பிரதியின் படங்கள் இப்போது திறந்த வாசலில் கிடக்கின்றன.

‘ஏசிங்க்’ என்பதையும் ‘சிங்க்’ ஆக்குங்கள். ஏசிங்க்கில் தரவு வன்தட்டில் பதியுமுன்பே ‘எழுதிவிட்டேன்’ என்று வழங்கி பதில் சொல்லிவிடும். அந்த நொடியில் மின்சாரம் நின்றால், சேமித்ததாக நீங்கள் நம்பிய பக்கம் இருக்காது. மலரும் அதற்குள் வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.

சுவடித்தேடல்:
செய்துவிட்டேன். உலகப் பதிவு இல்லை. முதல் ஸ்கான் கணினியிலிருந்து சேமிக்க முடிகிறது, மிக்க நன்றி! இரண்டாவது கணினியில் தங்கச்சி ஒருவர் வேலை செய்கிறார். அவருக்கு இப்போது ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறது. வழங்கியில் அவர் பெயரில் கணக்கு இருக்கிறது.

வடலி:
பெயர் இருந்து பயனில்லை. வழக்கமான என்.எப்.எஸ் பகிர்வில் பயனர் பெயர் போவதில்லை, எண் மட்டுமே போகிறது. இரு பக்கமும் ‘எல்எஸ் -என்’ கொடுத்து எண்களை ஒப்பிடுங்கள். உபுண்டுவில் முதல் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. அடைவு 1000க்குச் சொந்தமாக இருக்கும், தங்கச்சி 1001 ஆக வருகிறார் என்று நினைக்கிறேன். மாணவரின் மடிகணினியால் எழுத முடிந்ததும் இதனால்தான்: அதன் முதல் கணக்கும் 1000. வழங்கியின் பார்வையில் அவரும் நீங்களும் ஒருவரே.

மூன்று கணினிகளிலும் ஒரே எண்ணில், 3000 என்று வையுங்கள், ஒரு குழுவை உருவாக்கி இருவரையும் அதில் சேருங்கள். வழங்கியில் அடைவை அந்தக் குழுவுக்கு மாற்றி 2775 உரிமை (சொந்தக்காரரும் குழுவும் எழுதலாம், மற்றவர் வாசிக்க மட்டும்) கொடுங்கள். முதலில் வரும் 2 இருந்தால், உள்ளே உருவாகும் புதுக்கோப்பும் அதே குழுவுக்குச் சொந்தமாகும். உள்ளே ஏற்கனவே இருக்கும் அடைவுகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஸ்கான் கணினிகளில் யூமாஸ்க் (புதுக்கோப்பில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) 002 ஆக இருக்கட்டும். 022 என்றால் ஒருவர் எழுதிய கோப்பை மற்றவர் திருத்த முடியாது. குழுவில் சேர்த்த பிறகு இருவரும் ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

‘நோ ரூட் ஸ்குவாஷ்’ போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஸ்கான் கணினியின் ரூட்டை (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கை) உங்கள் அடைவுக்கும் ரூட் ஆக்கிவிடும்.

கடலோரம்:
777 என்று சொன்னது என் தவறு. உலகப் பதிவும் 777ம் சேர்ந்திருந்தால் வாசிப்பறையிலிருந்து யாரும் எதையும் அழித்திருக்கலாம். வருந்துகிறேன்.

சுவடித்தேடல்:
எண்கள் வடலி சொன்னபடியே 1000, 1001. குழுவை அமைத்தோம்; இப்போது இருவரும் எழுதுகிறோம், ஒருவர் சேமித்ததை மற்றவர் திருத்தவும் முடிகிறது.

திறந்து கிடந்த நாட்களை நினைத்து மனம் பதறியது. அந்த 12 நாட்களில் உருவானவற்றையும் மாறியவற்றையும் வழங்கியில் ‘பைண்ட்’ கட்டளையால் தேடினேன். ஸ்கான் படங்களை பென் டிரைவில் இருப்பவற்றோடு ஒப்பிட்டேன், எல்லாம் சரி. எங்களுடையவை அல்லாதவை மூன்று: நேற்று நான் சோதனைக்கு எழுதிய கோப்பு ஒன்று, யாரோ ஒரு மாணவரின் புவியியல் ஒப்படைகள் இரண்டு. ஒப்படைகளை வேறு அடைவுக்கு மாற்றி, வாசிப்பறைக் கதவில் குறிப்பு ஒட்டியிருக்கிறேன்.