நூலகச் செயலியின் மறுவடிவமைப்பு: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி (திரைவரைவாளர், சென்னை)

சென்னையிலுள்ள பொது நூலகம் ஒன்றின் கைபேசிச் செயலியை மறுவடிவமைக்கும் பணியில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். இப்போதைய செயலி, திறந்தவுடன் உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. அதைக் கடந்தால் தானாக நகரும் விழாப் படங்கள் திரையில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. நூல் தேடும் பெட்டியோ பக்கவாட்டுப் பட்டியலில் 'புகைப்படத் தொகுப்பு', 'எங்களைப் பற்றி' ஆகியவற்றுக்கும் கீழே கிடக்கிறது. நிறங்களையும் சின்னங்களையும் மாற்றினால் போதும் என்று நிர்வாகத்தினர் கருதுகின்றனர். தேடலை முகப்புக்குக் கொண்டுவந்து, இரவல் நூல்களின் கெடு தேதியையும் புதுப்பிக்கும் பொத்தானையும் அதற்குக் கீழேயே வைக்கலாம் என்பது என் எண்ணம். அதைவிட முதலில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் 1 (அடையாறு வாசகி)

உங்கள் வரிசை சரியானதே. ஆனால் ஒரு நூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு உள்நுழைவு எதற்கு என்பதையும் நிர்வாகத்திடம் கேளுங்கள். முன்பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் மட்டும் உறுப்பினர் எண் போதும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அவர் நூலகராகப் பணியாற்றிய ஊரிலேயே அந்த விதிக்கு இந்த நிலை என்பது வேடிக்கைதான்.

பதில் 2 (நிரலாளர், தரமணி)

பெட்டியை எங்கே வைத்தாலும், அதில் தமிழில் தட்டச்சு செய்தால் விடை வராவிட்டால் பயனில்லை. 'கோ' என்னும் எழுத்தில் ககரத்துடன் சேரும் ஓகாரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்றாலும் கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒருங்குறி இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் இட்டு எழுதிய 'கெளரி'யையும், இரு வகையாகப் பதிவாகும் 'ஸ்ரீ'யையும் அது தொடாது. அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

அடுத்தது ஒற்று. பட்டியலில் 'தமிழ்ப் பண்பாடு' என்றிருக்க, வாசகர் 'தமிழ் பண்பாடு' என்று தட்டச்சு செய்வார். அவருக்கு இலக்கணம் கற்பிப்பது செயலியின் வேலையன்று. இராசராசன், ராஜராஜன் போன்ற இருவகை எழுத்துமுறைகளையும் ரகர றகர மயக்கத்தையும் தேடல் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பெயர்கள் இன்னும் சிக்கலானவை. புதுமைப்பித்தன் என்ற பெயரில் ஒரு பதிவும் சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரில் இன்னொரு பதிவும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் பெயர்க் கோப்பு இல்லாமல் எந்தத் திரைவடிவமும் வாசகரைக் காப்பாற்றாது. சொல்லப்போனால், பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்துகளிலேயே ஏற்றப்பட்டிருக்கும். நூலகப் பட்டியலின் பிரதி ஒன்றைப் பெற்று, தேடலை முதலில் அதில் சோதித்துப் பார்த்த பிறகு திரை வரைபடங்களைத் தொடங்குங்கள்.

பதில் 3 (ஓய்வுபெற்ற நூலகர்)

தேடல் விடையில் 'உள்ளது' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டாதீர்கள். எந்தக் கிளையில், எந்த அடுக்கில், வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா, அங்கேயே அமர்ந்து படிக்க மட்டுமா என்பதுதான் பேருந்து ஏறும் முன் வாசகருக்குத் தெரிய வேண்டியது. கன்னிமாரா நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. பாதுகாப்புக்காக வந்த படியும் இரவல் கொடுக்கும் படியும் பட்டியலில் ஒரே மாதிரி தெரிந்தால், வாசகர் வீணாக வந்து திரும்புவார். அடுக்கில் நூலின் இடத்தைக் காட்டும் பகுப்பு எண்ணைச் சிறிய எழுத்தில் ஒளித்துவைக்காமல், அடுக்கின் முன் நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்தே நூலை எடுக்கும் அளவுக்குப் பெரிதாகக் காட்டுங்கள்.

முதியவர்கள் பலர் கைபேசியில் எழுத்தின் அளவைக் கூட்டியே வைத்திருக்கிறார்கள். 'முன்பதிவு செய்க' என்பது ஆங்கிலச் சொல்லுக்கென வரைந்த பொத்தானுக்குள் அடங்காமல் 'முன்பதி...' என்று நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வரைபடங்களைத் தமிழிலேயே தொடங்குங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி

மிக்க நன்றி. பட்டியலின் பிரதியைக் கேட்டு எழுதிவிட்டேன். பதிவுகள் முழுவதையும் திருத்திய பிறகே செயலியை வெளியிட வேண்டுமா, அல்லது இடையிலேயே வெளியிடலாமா?

பதில் 4 (ஓய்வுபெற்ற நூலகர்)

முழுவதும் திருந்தக் காத்திருந்தால் செயலி வெளிவராது. அடிக்கடி இரவல் போகும் நூல்களின் பதிவுகளை முதலில் திருத்தச் செய்யுங்கள்; அந்தப் பட்டியல் இரவல் பிரிவில் ஆயத்தமாகவே கிடைக்கும். எஞ்சியவற்றுக்கு, ஒவ்வொரு விடையின் அடியிலும் 'இந்தப் பதிவில் பிழை உள்ளது' என்றொரு பொத்தானை வையுங்கள். அதன் வழி வரும் புகார்களைப் படித்துத் திருத்தப்போகும் பணியாளர் யார் என்பதை மட்டும், வெளியீட்டுக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.