குடித்துத் திரிகிறவரின் ஆத்துமாவுக்கும் கடவுளிடம் அதே மதிப்புத்தானா?

கல்லடிப்பிள்ளை:
எங்கள் மாமா ஒருவர், முந்தி பாடகர் குழுவில் முன்னுக்கு நின்று பாடினவர், இப்போது கசிப்பும் (கள்ளச்சாராயம்) கையுமாகத் திரிகிறார். மாமியும் பிள்ளைகளும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் ஞாயிறு ஆராதனை நேரம் எப்படியோ வந்து, செருப்புக் கழற்றும் இடத்தில் தூணைப் பிடித்தபடி நிற்பார். உள்ளே வரமாட்டார், கடைசிப் பாட்டுக்கு முன் போய்விடுவார். போன கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர், அவருக்காக ஜெபித்தது போதும் என்று சொல்லிவிட்டார். மனதைப் போட்டு அறுக்கிறது. ஒவ்வொரு ஆத்துமாவும் கடவுளுக்கு அருமையானது என்று சின்னதிலிருந்தே படித்தோமே, அது திருந்தினவர்களுக்கு மட்டுமா?

வாவிக்கரை:
தங்கச்சி, லூக்கா 15 வாசியுங்கள். பாவிகளோடு சேர்ந்து சாப்பிடுகிறாரே என்று பரிசேயர் முறுமுறுத்தபோதுதான் இயேசு அந்த உவமையைச் சொன்னார். 100 ஆட்டில் 1 காணாமல் போகிறது, மேய்ப்பன் 99ஐயும் விட்டுவிட்டுத் தேடப் போகிறான். எங்கள் பக்கம் பட்டிக்காரரைக் கேளுங்கள், பொழுதுபட்டும் ஒரு மாடு வராவிட்டால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்களே தவிர, அது எத்தனை போத்தல் கறக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். அந்த மேய்ப்பனும் கண்டுபிடிக்கும் வரைக்கும் தேடுகிறான். பிறகு எப்படி நாம் போதும் என்பது?

களுவாஞ்சி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதே அதிகாரம் 7ஆம் வசனத்தில் மனந்திரும்புகிற பாவியைக் குறித்துத்தான் பரலோகத்தில் சந்தோஷம் என்று இருக்கிறது. மதிப்பு வேறு, இரட்சிப்பு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. இன்னொன்று, அந்த மாமியின் ஆத்துமாவுக்கும் அதே மதிப்பு உண்டு. அவரிடம் போய் 'பொறுத்துக்கொள், கதவைத் திற' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அக்கரைப்பற்று ரீச்சர்:
மாமியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி, அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மற்றதில் ஒன்று சொல்ல வேண்டும். மனந்திரும்புதல் வேண்டும்தான், ஆனால் மதிப்பு அதிலிருந்து வருவதில்லை. நாம் பாவிகளாயிருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்று ஆதியாகமம் 9:6 திரும்பவும் சொல்வது, ஏதேனில் ஆதாமும் ஏவாளும் பாவத்தில் விழுந்ததற்கும் ஜலப்பிரளயத்துக்கும் பிறகு! விழுந்த மனிதனிடமும் அந்தச் சாயல் இருக்கிறது என்றுதானே அர்த்தம். இயேசு சொன்ன குருவி விலையையும் பாருங்கள்: மத்தேயுவில் ஒரு காசுக்கு 2 அடைக்கலான் குருவி, லூக்கா 12:6இல் இரண்டு காசுக்கு 5. அந்த ஐந்தாவது, சும்மா போட்டுக் கொடுத்தது, சந்தையில் அதற்கு விலையே இல்லை. அதுவும் தேவனுக்கு முன்பாக மறக்கப்படுவதில்லை என்கிறார்.

மகள், ஜெபத்தோடு ஒரு வேலையும் செய்யுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கதையுங்கள். கனகாலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், ஆகவே டொக்டரிடம் கேட்காமல் வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம்.

களுவாஞ்சி:
ரீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். முந்தி அவரோடு பாடின யாராவது இந்த ஞாயிறு அந்தத் தூணடியில் போய்ப் பக்கத்தில் நிற்கட்டும், புத்தி சொல்ல வேண்டாம். கிளினிக்குக்கும் அவரே கூட்டிக்கொண்டு போனால் நல்லது, வீட்டார் கூப்பிட்டால் வருவது கஷ்டம்.